கூப்பிடு தூரத்தில் ஆகாய கங்கை

ஒரு கையில் குடை, மறு கையில் வேட்டி நுனி. நாச்சிமுத்து பாறையின் விளிம்பில் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவே பெரிய பள்ளத்தாக்கு. அதன் வாய்வரைக்கும் மேகம் தளும்பிக்கொண்டிருந்தது, அடுப்பிலிருந்து இறக்கிய பால் மாதிரி. அதற்கு அப்பால் மலையின் முதுகில் நாலைந்து புல்கூரைகள். கூரைகளிலிருந்து காலைப் புகை கசிந்துகொண்டிருந்தது.

"அருவிக்கு இன்னும் எவ்வளவு தூரமப்பா?"

"அதா தெரியுது பாருங்க ஊரு, அதுக்கு அக்கட்டாலதானுங்க" என்றான் எங்களுக்கு வழிகாட்ட வந்த பெரியண்ணன். "கூப்பிடு தூரந்தான்."

"மெய்யாலுமா?"

தன் வார்த்தையைச் சந்தேகித்தால்கூடப் பெரியண்ணன் பொறுத்துக்கொள்வான். தன் தொண்டையைச் சந்தேகித்தால் பொறுக்கமாட்டான். இரண்டு கைகளையும் வாயருகே குவித்தான். முதலில் ஒரு கூவல். பிறகு, "சின்னாஆஆ..." என்று ஒரு நீட்டு. குரல் மேகத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. நான் மூச்சு விட்டு முடிப்பதற்குள் எதிர்மலையிலிருந்து, "ஓஓய்..." என்று பதில் வந்தது.

"பாத்துக்கங்க. கூப்பிட்டேன், கேட்டுருச்சு."

நாச்சிமுத்து திருப்தியாகக் குடையை மடக்கினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் அருவி, பொழுது சாய்வதற்குள் அடிவாரம் என்று உத்தேசம் போட்டார்.

நாங்கள் அந்த நாலைந்து கூரைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்தே விட்டது. காலையில் "ஓய்" என்ற சின்னான் வாசலில் எங்களுக்காகக் காத்திருந்து, அலுத்து, காட்டுக்குப் போய்க் களை எடுத்து, திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தான்.

"எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டான்.

உபயோகமான கட்டுரை

இந்த வாரம் பத்திரிகை ஆசிரியர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். உங்கள் சொந்தக் கதையை வாசகர்கள் இத்தனை வாரம் பொறுத்துக்கொண்டார்கள். கோடை விடுமுறை வருகிறது. உங்கள் பக்கத்துக் கொல்லிமலையில் பார்க்க வேண்டிய இடங்களைப் பற்றி உபயோகமாக ஏதாவது எழுதுங்களேன் என்றார். 'உபயோகமாக' என்ற சொல்லை அவர் அழுத்திய அழுத்தத்தில், இதுவரை நான் எழுதியதைப் பற்றி அவருடைய அபிப்பிராயமும் தெரிந்துபோயிற்று.

ஆகவே இது உபயோகமான கட்டுரை. பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாம் இதில் வரும். ஒரே ஒரு சங்கடம். கொல்லிமலையை நான் ஆயுளில் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் யுத்தம் வருவதற்கு முன்பு. அதுவும் இயற்கை அழகை ரசிக்கப் போகவில்லை. பெண் கேட்கப் போனேன்.

பெண் மலைமேல் இருந்தாளா என்றால், இல்லை. பெண் அடிவாரத்தில், துறையூர்ப் பக்கம் புளியஞ்சோலையில் இருந்தாள். அவள் அப்பாவுக்கு அங்கே ஓடைக் கரையில் நிலம். நான் மலைக்கு இந்தப் பக்கம், ராசிபுரத்தில் தமிழ் வாத்தியார். நல்ல ரோடு இருந்தது. பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போயிருந்தால் சட்டை கசங்காமல் போயிருக்கலாம். மலையை நடுவில் வைத்து ஏறி இறங்க வைத்தவர் நாச்சிமுத்து.

அவர் பெண்ணின் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் சும்மா பெற்றவர்கள்தான். கொடுப்பதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவர் தாய்மாமன். அப்போது பெண்ணுக்கு இரண்டு வரன் வந்திருந்தது. ஒன்று, முசிறியில் நெல் மண்டி வைத்திருந்தவர். இன்னொன்று நான். பெண்ணை நான் ஒரு தடவை, ஒரு கல்யாணப் பந்தலில் பார்த்திருந்தேன். எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, நான் பக்கத்து இலைக்காரரிடம் சொன்ன ஏதோ ஒரு தமாஷுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரசம் இலையைத் தாண்டி என் மடியில் விழுந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நாச்சிமுத்துவுக்கு அந்தத் தமாஷ்தான் இடித்தது.

"பத்திரிகையில சிரிப்பாணி எழுதறவராமே" என்றாராம். "பொண்டாட்டி புள்ளையையும் சிரிப்பாணியாத்தான் வெச்சிருப்பாரு."

அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே சபலம் ஊர் சுற்றிப் பார்ப்பது. உதகமண்டலம் பார்த்தாயிற்று, குற்றாலம் பார்த்தாயிற்று, பக்கத்திலேயே இருக்கிற கொல்லிமலை மட்டும் பாக்கி. அதனால் ஒரே கல்லில் இரண்டு வேலையாக, என்னைக் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றிப் பார்ப்பது, மலையோடு என்னையும் பார்ப்பது என்று தீர்மானித்தார். இந்தப் பக்கம் காரவள்ளியில் ஏறி, மேலே எல்லா இடங்களையும் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் புளியஞ்சோலையில் இறங்குவது. இறங்கியதும் தன் முடிவைச் சொல்வது. சரி என்றால் நான். வேண்டாம் என்றால், மறுநாள் காலையில் பெண் பார்க்க வரப்போகிற முசிறிக்காரர்.

காரவள்ளியில் முதல் மேட்டில் கால் வைக்கும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, அக்கட்டால எறங்கற வரைக்கும் ஒரு சிரிப்பாணிப் பேச்சு உங்க வாயில வரப்படாது. வந்துச்சுன்னா அத்தோட முடிஞ்சுது."

"சரிங்க" என்றேன். மேலே 'மாமா' என்று சேர்க்க ஆசைதான். பெண் கொடுக்கும் முன்பே மாமா என்பது அத்துமீறல். 'ஐயா' என்றால் அந்நியமாகிவிடும். அதனால் மலை முழுவதும் அவரை 'ஏனுங்க' என்றே கூப்பிட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதும் அப்படித்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்

முதலில் மலையைப் பற்றி. கொல்லி என்றால் கொல்வது. காட்டுக் காய்ச்சல் கொல்லும் என்று கீழே உள்ளவர்கள் அர்த்தம் சொன்னார்கள். என் அம்மா எனக்கு நிலவேம்புக் கஷாயத்தை வாயில் ஊற்றி, சீசாவில் ஊற்றி, வழியில் குடிக்க மூங்கில் குழாயிலும் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். காய்ச்சல் என்னை அண்டவில்லை. கொசு கடித்துப் பார்த்திருக்கும், கசந்திருக்கும்.

ஏற்றம் செங்குத்து. யாத்திரீகர்கள் வழியில் நின்று இயற்கையை ரசிப்பார்கள். ரசனையினால் அல்ல, மூச்சுக்காக. நாச்சிமுத்து ஒவ்வொரு திருப்பத்திலும் வெகுநேரம் ரசித்தார்.

மேலே ஏறிவிட்டால் சமதளம். வயல்கூட இருக்கிறது. சாமைக் கதிர், மரத்தில் சுற்றிய மிளகுக் கொடி, பலா. காற்றில் ஈர மண்ணும் ஏலக்காய் மாதிரி ஏதோ ஒன்றும் கலந்த வாசனை. செம்மேட்டில் அன்று சந்தை. மலைவாழையும் தேனும் கொடுத்து உப்பும் கருவாடும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் பெரியண்ணனைப் பிடித்தோம். ஆலத்தூர் நாட்டுக்காரன். இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. காலையில் ஒரு நாட்டில் பல் விளக்கி, மத்தியானம் இன்னொரு நாட்டில் சாப்பிட்டு, ராத்திரி மூன்றாவது நாட்டில் படுத்தோம். சீமைக்குக் கப்பலேறிப் போனவர்கள்கூட ஒரே நாளில் இத்தனை நாடு பார்த்திருக்கமாட்டார்கள். இதைச் சொல்ல என் நாக்கு துடித்தது. கஷாயத்தைக் குடித்து அடக்கினேன்.

பெரியண்ணனைப் போல ஒரு வழிகாட்டி இருக்க முடியாது. அவனுக்கு எந்த இடத்தின்மேலும் மதிப்பில்லை.

"அருவியைப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று கேட்டான். "தண்ணி மேல இருந்து கீழ உழுகுது. அதுல பாக்க என்னங்க இருக்கு? கீழ இருந்து மேல போச்சுன்னாச் சொல்லுங்க, நானும் வாரேன்."

நான் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்தது எட்டுக்கை அம்மன் கோயில். பழம்பாட்டுக்களில் கொல்லிப்பாவை என்று ஒரு பதுமை வரும். அசைந்து, சிரித்து, ஆளை மயக்கி, கிட்டே வந்தவனைக் கொன்றுவிடும். அந்தப் பாவைதான் இந்த அம்மன் என்று மலை ஜனங்கள் சொல்கிறார்கள். பாவை ஆயி என்கிறார்கள். பேச்சில் அது 'பாவாயி' என்று உருண்டு வருகிறது. சன்னிதியில் எண்ணெய் விளக்கு. கருங்கல் முகத்தில் ஒரு சிரிப்பு, இருந்தும் இல்லாமலும்.

நான் கூனிக் குறுகி நின்றேன். அவள் ஒரு சிரிப்பிலே ஆளை முடிக்கிறவள். நான் எத்தனையோ வருஷமாகச் சிரிப்புக் கட்டுரை எழுதுகிறேன். படித்து யாரும் செத்ததாகத் தகவல் இல்லை. சிரித்ததாகவும் தகவல் இல்லை.

"பல்லைக் காட்டாமக் கும்புடுங்க" என்றார் நாச்சிமுத்து, என் காதோரத்தில்.

நான் கும்பிட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. புளியஞ்சோலைப் பெண்ணின் பெயரும் பாவாயிதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற பெயர். அம்மனுடைய பெயரே அதுவாக இருக்கும்போது வேண்டுதல் சுலபமாக இருந்தது. பெயரை மட்டும் சொன்னேன். இன்னார் என்று அம்மன் புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன். பின்னால் நடந்ததைப் பார்த்தால், கொஞ்சம் விளக்கமாகவே சொல்லியிருக்கலாம்.

கூப்பிடு தூரம் என்பது யாது

அன்று ராத்திரி அந்தக் கோயில் பக்கத்திலேயே தங்கி, மறுநாள் காலையில் கிளம்பித்தான் ஆரம்பத்தில் சொன்ன பாறைக்கு வந்தோம்.

கீழே, சமவெளியில், கூப்பிடு தூரம் என்றால் பக்கம். எதிர் வீட்டில் மோர் இருக்கிறதா என்று கேட்கிற தூரம். குரல் போகிற தரையில்தான் காலும் போகிறது. மலையில் அப்படி இல்லை. குரல் நேராகப் பறந்து போகிறது. கால், பள்ளத்தில் இறங்கி, ஓடையில் வழுக்கி, முள்ளில் மாட்டி, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, மறுபடி மேலேறிப் போகிறது. பெரியண்ணன் பொய் சொல்லவில்லை. கூப்பிடு தூரம் என்றான். நடை தூரம் என்ன என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

அன்று சின்னான் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். நாச்சிமுத்து காலை நீட்டிக்கொண்டு, அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு வைத்துக்கொண்டிருந்தார். அன்றே அடிவாரத்தில் இருந்திருக்க வேண்டியவர். விடிந்தால் முசிறிக்காரர் வருவார்; மாமன் முடிவு வந்து சேரவில்லை என்றால் பெண்ணின் அப்பா அவரை எப்படித் திருப்பி அனுப்புவார்? மண்டிக்காரர் கையோடு தட்டு மாற்றிக்கொண்டு போய்விடுவார். நாச்சிமுத்து சுண்ணாம்பிலேயே கவனமாக இருந்தார். சொல்ல ஒன்றும் இன்னும் முடிவாகவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பி அறப்பளீசுவரர் கோயிலுக்கு வந்தோம். பக்கத்திலேயே ஆறு. ஆற்றில் மீன்கள். ஈசுவரனே மீனாக இருக்கிறார் என்று நம்பிக்கை, யாரும் பிடிக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் யாரோ பிடித்து, அறுத்து, சட்டியில் போட்டபோது, துண்டுகள் ஒன்றாகி ஆற்றுக்குத் துள்ளிவிட்டதாம். பொரியை வீசினோம். முழங்கை நீள மீன்கள் பயமே இல்லாமல் வந்து, எங்கள் விரல்களை மோந்து பார்த்துவிட்டுப் போயின. குழம்பு வைக்கமாட்டார்கள் என்று தெரிந்த மீன்களுக்கு முகத்திலே ஒரு களை வந்துவிடுகிறது. இதையும் நான் சொல்லவில்லை.

"குத்தாலத்துல இதைவிடப் பெரிய மீனு" என்றார் நாச்சிமுத்து.

முதல் நாளிலிருந்து இதே பாட்டுத்தான். காற்று? குத்தாலத்தில் இதைவிடக் குளிர்ச்சி. பலாப்பழம்? குத்தாலத்தில் சுளை பெரிது. அட்டை கடித்தபோது மட்டும் குத்தாலத்தைப் பற்றிப் பேச்சில்லை.

குற்றாலத்தில் இல்லாதது

கோயிலுக்குப் பின்னாலேயே ஆறு மலையை விட்டுக் கீழே குதிக்கிறது. அதுதான் ஆகாய கங்கை. குதித்த இடத்துக்குப் போக மலையின் மடிப்பில் இறங்க வேண்டும். வேரைப் பிடித்து, பாறையைப் பிடித்து, ஒரு கட்டத்தில் நாச்சிமுத்து என் தோளைப் பிடித்து, இறங்கினோம். அருவி தெரிவதற்கு முன்பே சத்தம் வந்தது. சத்தத்துக்கு முன்பே சாரல் வந்தது. மூன்று பக்கமும் மலை சுவர் மாதிரி நிற்க, தலைக்கு மேலே ஒரு துண்டு ஆகாயம். அதிலிருந்து வெள்ளை வெளேரென்று தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

நான் குற்றாலத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

நாச்சிமுத்து ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. குடை எங்கேயோ மேலேயே மாட்டிக்கொண்டுவிட்டது. தண்ணீரைப் பார்த்தார், ஏற வேண்டிய மலையைப் பார்த்தார், தன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். பிறகு, யாரிடமோ சொல்வதுபோல, மெதுவாகச் சொன்னார்:

"இந்த ஊருல ஒருத்தனுக்கும் சாவுப் பயமில்லை. எமன் கூப்பிடு தூரத்துல நின்னு கூப்பிட்டாலும், வந்து சேர ஒரு நாளாகும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. எனக்குத் தொண்டையில் ஏதோ கிளம்பியது. பாவாயியை நினைத்தேன், முசிறி மண்டியை நினைத்தேன், கஷாயத்தை ஒரு மடக்குக் குடித்தேன். முகத்தைச் சாவு வீட்டுக்கு வந்தவன் போல வைத்துக்கொண்டேன்.

"என்ன தம்பி, புரியலீங்களா?"

"புரிஞ்சுதுங்க."

"புரிஞ்சும் ஏன் சிரிக்கலை?"

"நீங்கதானுங்க..."

"உங்களைச் சொல்ல வேண்டாம்னேன். நான் சொன்னாச் சிரிக்க வேண்டாம்னா சொன்னேன்?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசம், வருத்தம் இருந்தது.

"எங்க ஊட்டுலயும் இப்படித்தான்" என்றார். "நான் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாங்க. மாமன் சொல்லீட்டாருன்னு எந்திரிச்சு வேற நிப்பாங்க. நெனைச்சு நெனைச்சு ஒரு தமாஷ் சொல்றேன்னு வெச்சுக்கங்க, அதையும் உத்தரவுன்னு எடுத்துட்டு வேலையைப் பாக்கப் போயிருவாங்க. அதுக்கப்பறம் எனக்கே விட்டுப்போச்சு."

அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எமன் பள்ளத்தாக்கில் இறங்கி, ஓடையில் வழுக்கி, எருமைக்கு அட்டை பிடுங்கிக்கொண்டு நிற்கிற காட்சி கண்ணுக்குள் வந்தது. அதை அப்படியே சொன்னேன். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்தது எல்லாம் சேர்ந்து, மீன், நாடு, சின்னானின் மத்தியானத் தூக்கம் என்று மடையாகத் திறந்துகொண்டது. நான் பாறையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நாச்சிமுத்து முதலில் மூக்கால் சிரித்தார், பிறகு வயிற்றால், பிறகு ஈரக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "எருமைக்கு அட்டையா" என்று மறுபடி ஆரம்பித்தார்.

பெரியண்ணன் கொஞ்ச தூரம் தள்ளி நின்றான். அருவியைப் பார்க்க வந்தவர்களுக்கு இப்படியெல்லாம் ஆகும் என்று அவன் எதிர்பார்த்திருந்த மாதிரி இருந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை" என்றார் நாச்சிமுத்து. தம்பி போய் மாப்பிள்ளை வந்துவிட்டதை நான் கவனிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "மாமான்னு கூப்பிடுங்க. ஏனுங்க ஏனுங்கன்னு பொண்டாட்டியாட்டம் கூப்பிட்டுட்டே வாரீங்க."

பள்ளத்தாக்கில் விழுந்த வேற்றுமை உருபு

ஆனால் பொழுது ஏறிக்கொண்டிருந்தது. முசிறி வண்டி இந்நேரம் புளியஞ்சோலைக்கு வந்திருக்கும். நாங்கள் இறங்கிச் சேர மத்தியானம் தாண்டிவிடும்.

"கூவிச் சொல்லிப்போடலாமுங்க" என்றான் பெரியண்ணன். அவன் காத்திருந்த சமயம் இதுதான். அருவிக்கு மேலே ஒரு பாறையிலிருந்து அவன் கூவினால், சின்னான் காதில் விழும். சின்னான் கூவினால், நடு மலையில் தேன் எடுக்கிறவர்கள் காதில் விழும். அவர்கள் கூவினால், கீழே ஆடு மேய்க்கிறவர்கள். அவர்கள் கூவினால் புளியஞ்சோலை. மலை முழுக்கக் கூப்பிடு தூரம்தான்.

"பாவாயி மாப்பிள்ளைக்குத்தான்னு சொல்லு" என்றார் மாமா. "இந்த மாப்பிள்ளைக்குத்தான்னு சொல்லு. வேற ஒண்ணும் சேத்தாதே."

பெரியண்ணன் பாறைமேல் ஏறினான். கழுத்து நரம்பு புடைத்தது. "பாவாயீஈஈ... மாப்பிள்ளைக்கூஊஊ..."

என் கல்யாணம் காற்றில் ஏறிப் போயிற்று. எதிர்மலையில் அது மறுபடி எழுந்தது. பிறகு அதற்கும் அப்பால், நூல் மாதிரி மெலிந்து, ஒன்று. உடம்பு புல்லரித்தது. பேப்பரில் என் பெயர் முதல் தடவை அச்சானபோதுகூட அப்படி இருக்கவில்லை.

இறங்க ஆரம்பித்தோம். வழியில் முதல் குடிசையிலேயே ஆச்சரியம். ஒருவர் ஓடி வந்து, "வாங்க சாமி, உக்காருங்க சாமி" என்று கோரைப்பாய் விரித்தார். எங்கள் பக்கத்தில் பிரியம் வந்தால் பெற்ற பிள்ளையையும் சாமி என்போம், பிச்சைக்கு வந்தவரையும் சாமி என்போம். அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தேன் கொடுத்தார்கள். அடுத்த இடத்தில் பலாச்சுளை. அடுத்த இடத்தில் என் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். மாப்பிள்ளையை மலை ஜனங்கள் என்னமாய்க் கொண்டாடுகிறார்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அவருக்கும் பெருமை.

சாமைக் காட்டில் ஒரு பெண் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு வந்து நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தாள்.

"மாடு பாலை மறிச்சுருச்சுங்க சாமி. ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எனக்கு மாட்டைப் பத்தித் தெரியாதுங்களே."

"உங்களுக்குத் தெரியாததுங்களா? கல்யாணம் கட்டற வயசுல எல்லாத்தையும் உட்டுப்போட்டு ஆயிக்கே நேந்துட்டீங்க. காலையில கூவுனாங்களே, மாப்பிள்ளை பாவாயிக்குன்னு."

மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தமிழ் வாத்தியார் என்ற முறையில் இதை விளக்குவது என் கடமை. கூவும்போது உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து தேயும். எது முன்னால், எது பின்னால் என்பது காற்றின் இஷ்டம். 'பாவாயி மாப்பிள்ளைக்கு' என்று கிளம்பிய வாக்கியத்திலிருந்து 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபு கழன்று பள்ளத்தாக்கில் விழுந்தது. அதைச் சின்னான் பொறுக்கி எடுத்து வேறு சொல்லில் ஒட்டிவிட்டான். 'மாப்பிள்ளை பாவாயிக்கு.' இந்த மலையில் பாவாயி என்றால் ஒருத்திதான். கல்யாணத்துக்கு நின்ற பிள்ளை, சாமியாராகி, அம்மனுக்கே தன்னைக் கொடுத்துவிட்டான். குகைக்குக் குகை சித்தர் இருந்த மலை. யாருக்கும் இதில் ஆச்சரியமும் இல்லை.

"என்னடா கூவுனே?" என்றார் மாமா.

"நான் சரியாத்தானுங்க கூவுனேன். சின்னானுக்கு எப்பவும் பாதிதான் கேக்கும்" என்றான் பெரியண்ணன். "இப்ப என்ன, சாமியார் இல்லை, மாப்பிள்ளைதான்னு இன்னொரு கூவு கூவிப்போடறேன்."

கைகளைக் குவித்துவிட்டான். மாமா பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்.

"வேண்டாஞ் சாமி. 'மாப்பிள்ளை இல்லை'ங்கறது மட்டும் போய்ச் சேரும். நாம எறங்கறதுக்குள்ள கருமாதிக்குப் பந்தல் போட்டிருப்பாங்க."

இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமியாருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அந்தப் பெண்ணின் மாட்டுக்கு, "சரியாப் போயிரும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாக இறங்கினேன். மாமா பின்னால் சரிந்துகொண்டு வந்தார்.

கூப்பிட்டது கேட்டது

புளியஞ்சோலையில் ஓடை உருண்டைக் கற்களுக்கு நடுவே சத்தம் போட்டுக்கொண்டு ஓடிற்று. காலையில் நாங்கள் ஆகாயத்தில் பார்த்த அதே தண்ணீர். எங்களுக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. மர நிழலில் ஒரு கூண்டு வண்டி. மாடுகளை அவிழ்த்துக் கட்டியிருந்தது. தின்று முடித்த இலைகள் குவிந்திருந்தன.

முசிறி வண்டி. சாப்பாடு முடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் சாப்பாடு முடிந்தது என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

பெண்ணின் அப்பா என்னைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். கண் கலங்கியிருந்தது. "எங்களுக்குக் குடுத்து வெக்கலை சாமி" என்றார். அவருக்குப் பின்னாலிருந்து மண்டிக்காரர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், நல்ல முகம். நான் தடுப்பதற்குள் என் காலைத் தொட்டுவிட்டார்.

"எங்கயும் தகைய மாட்டேங்குதுங்க" என்றார் தணிந்த குரலில். "இங்கயும் தகையலை. சீக்கிரம் ஒரு எடம் அமையோணும்னு சொல்லுங்க சாமி."

'இங்கயும் தகையலை' என்பது என் காதில் விழுந்தது. அவர் தலையில் இரண்டு கைகளையும் வைத்து, முழு மனதோடு ஆசீர்வாதம் செய்தேன். "வேற எடத்துல சீக்கிரம் அமையும்" என்றேன். என் ஆசீர்வாதங்களில் பலித்தது அது ஒன்றுதான். ஆவணியிலேயே அவருக்குக் கல்யாணம் ஆயிற்று.

மாமா அதற்குள் வந்து சேர்ந்து, நடந்ததை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். எல்லோரும் எழுந்து நின்று தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா மட்டும் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அப்படின்னா இவ சொன்னதுதான் சரி" என்றாள். "காத்தால அந்தச் சத்தம் வந்ததுல இருந்து ஊட்டை உட்டு வெளிய வர மாட்டேங்கறா. முசிறிக்காரவிய வந்தாச்சு, ஒரு செம்புத் தண்ணியாவது கொண்டாந்து வெய்யின்னா, எனக்கு முடிஞ்சுருச்சு, சொன்னாங்களே கேக்கலீங்களாங்கறா. கேட்டுச்சு கண்ணு, அவரு ஆயிக்குன்னு போயிட்டாராமான்னா, சிரிக்கறா."

உள்ளேயிருந்து பாவாயி வந்தாள். கையில் செம்பு. மாமனுக்குக்கூடக் கொடுக்காமல் நேராக என்னிடம் நீட்டினாள்.

"எம்பேரைச் சொல்லித்தானுங்க கூப்பிட்டாங்க" என்றாள், தன் அம்மாவைப் பார்த்து. "எம்பேரு எனக்குத் தெரியாதுங்களா?"

மலை முழுக்க, அடிவாரம் முழுக்க, அத்தனை பேர் காதிலும் அது அம்மன் பெயராகத்தான் விழுந்திருக்கிறது. ஒருத்தி காதில் மட்டும் விலாசம் மாறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. வேற்றுமை உருபு எங்கே விழுந்தது என்று அவள் தேடவே இல்லை.

ஆசிரியர் இன்னும் ஒரு வார்த்தை உபயோகமாக எழுதச் சொல்வார். எழுதுகிறேன். மலைக்கு இப்போது ரோடு போடப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அது வரும்வரை காத்திருக்காதீர்கள். குடை வேண்டாம். அட்டைக்குச் சுண்ணாம்பு எடுத்துப் போங்கள். யாரிடமும் தூரம் கேட்காதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து, "ஏனுங்க" என்று பாவாயி கூப்பிடுகிறாள். இலை போட்டாயிற்றாம். இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கூப்பிடும்போது குரலில் கொல்லிமலை இருக்கும்.

கூப்பிடு தூரம்தான். இதோ கிளம்பிவிட்டேன், போய்ச் சேரச் சற்று நேரம் ஆகும்.